மாடிக்காவலர் மூடிய எச்சரிக்கை

எங்கள் கட்டடத்துக்கு இரண்டு காவலர்கள். ஒருவர் வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர். உள்ளே வருகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வது அவருடைய வேலை. மற்றவர் மூன்றாம் மாடி வலப்பக்க வீட்டின் பின்னறையில், மடிக்கணினிக்கு முன்னால் அமர்ந்திருப்பவர். முதலாமவருக்குச் சீருடையும் விசிலும் உண்டு. இரண்டாமவருக்கு இரண்டும் இல்லை. ஆகையால், அவரும் வேலைதான் பார்க்கிறார் என்பதை நம்புவதற்குக் கட்டடத்துக்காரர்களுக்கு ஓராண்டு பிடித்தது.

வயது நாற்பத்து மூன்று. கணினிப் பாதுகாப்புப் பகுப்பாய்வாளர் என்பது பதவியின் பெயர். அதைக் கேட்டவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, தங்கள் வீட்டு அச்சுப்பொறி நெடுநாளாகக் காகிதத்தைக் கடித்துக்கொண்டிருப்பதாகவும், ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டார்கள். வீட்டிலேயே இருக்கிற மனிதர் என்ற காரணத்தால் எல்லா வீட்டுப் பார்சல்களும் அவரிடம் வந்து சேர்ந்தன. எல்லா வீட்டுச் சாவிகளும் அவர் வீட்டு ஆணியில் தொங்கின. நான்காம் மாடி அம்மாள் ஒரு நாள் அடுப்பில் பாலை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கும் வழியில், சும்மாதானே இருக்கிறீர்கள், பொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் போய்ப் பார்த்துக்கொண்டார். அவருக்கு ‘மாடிக்காவலர்’ என்ற பெயரை வைத்தவர் வாயில் காவலாளிதான்.

“நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான் சார்,” என்று அவர் ஒருமுறை சொன்னார். “என்ன, நான் தூங்கினா எல்லாருக்கும் தெரியும். நீங்க தூங்கினா யாருக்கும் தெரியாது.”

மாடிக்காவலர் சிரித்தார். அந்த வாக்கியம் தமக்குத் திரும்ப நினைவுக்கு வரும் என்று அவர் அப்போது எண்ணவில்லை.

அவருடைய வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல ஊர்களில் கிடங்குகளும் லாரிகளும் வைத்திருக்கும் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் நாலாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவரும் காலையில் நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள் நுழைகிறார்கள். வழக்கமாக ஓர் ஊரிலிருந்து நுழைகிறவர் திடீரென்று வேறோர் ஊரிலிருந்து நுழைந்தால், அது அவர்தானா, அவருடைய கடவுச்சொல்லைத் திருடிய இன்னொருவரா என்ற கேள்வி பிறக்கிறது. கேள்வி பிறந்தவுடன் திரையில் ஓர் எச்சரிக்கை வந்து வரிசையில் நிற்கும். காலை ஏழு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை அந்த வரிசை மாடிக்காவலருடைய பொறுப்பு.

எச்சரிக்கையில் பெயர் இராது. பணியாளர் எண் மட்டும் இருக்கும். யார் எங்கே போகிறார் என்பதைப் பார்க்கிறவர்கள், அவர் இன்னார் என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்பது நிறுவனத்தின் கொள்கை. திரையிலுள்ள பொத்தானை அழுத்தினால், அந்த எண்ணுக்குரியவரின் தொலைபேசிக்குக் கணினியே இணைப்புக் கொடுக்கும். “இப்போது உள்ளே நுழைந்தது நீங்கள்தானா?” என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் எச்சரிக்கையை மூடிவிடலாம். அழைப்பை எடுக்கவில்லையென்றால் மீண்டும் ஒருமுறை அழைக்க வேண்டும். அதற்கும் பயனில்லையென்றால் செய்தி அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பதிலே வராவிட்டால் கணக்கைப் பூட்டிவிட வேண்டும். பேசாமல் மூடக் கூடாது என்பதே விதியின் சாரம்.

விதி அப்படி. நடைமுறையில், காத்திருக்கும் எச்சரிக்கை திரையில் சிவப்பாக நிற்கும். வாரக் கடைசியில் எத்தனை சிவப்பு யாருடைய வரிசையில் நின்றது என்ற பட்டியல் மேற்பார்வையாளருக்குப் போகும். நிரந்தரமாக இருப்பவர்கள் அந்தப் பட்டியலைக் கண்டு அசைய மாட்டார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்களோ சிவப்பை எப்படியாவது அகற்றிவிடப் பார்ப்பார்கள். ஆகவே, நுழைந்த ஊரில் நிறுவனத்தின் கிடங்கு ஏதேனும் இருந்தால், ஆள் வேலையாகப் போயிருப்பார் என்று முடிவுகட்டி, காத்திராமல் மூடிவிடுகிற ஒரு பழக்கம் அவர்களுக்குள் வாய்வழியாகப் பரவியிருந்தது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. மாடிக்காவலரும் எப்போதாவது அப்படிச் செய்ததுண்டு.

அவருக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் ஒருமுறை முடிந்து, இரண்டாம் ஒப்பந்தமும் முடியவிருந்தது. நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாகியிருப்பதாகவும், மூவர் பெயர் பரிசீலனையில் இருப்பதாகவும், முதற்பெயர் அவருடையதே என்றும் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அந்த அம்மாளை அவர் நேரில் பார்த்ததில்லை. குரலையும், திரையின் மூலையில் தெரியும் சிறிய வட்டப் புகைப்படத்தையும் மட்டுமே அறிவார்.

அந்த இடம் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல, மூன்று ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அப்போது அவர் தொலைவிலுள்ள ஒரு நகரத்தில், பெரிய கணினிக் கூடமொன்றில் மொத்தம் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் மட்டும் வீட்டுக்கு வருவார். சனிக்கிழமை காலையில் வந்து இறங்கும் அப்பாவைக் கதவருகில் நின்று பார்க்கும் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒருமுறை அவள் அம்மாவின் புடவையைப் பிடித்திழுத்து, “இவர் எப்போ போவார்?” என்று மெல்லக் கேட்டாள். அவள் கேட்டது கோபத்தினால் அன்று. அவர் படுக்கும் கட்டில் பக்கத்தில்தான் அவளுடைய பொம்மைகள் இருந்தன, அவை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வியை அவர் காதில் வாங்கிவிட்டார். அதன் பிறகு ஓராண்டு, வேலை முடிந்த மாலை வேளைகளில் தனியாகப் படித்து, தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறி, வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய இந்த வேலைக்கு வந்தார். இது போனால், மீண்டும் அந்தக் கணினிக் கூடம்தான். அங்கே இன்றைக்கும் அவருக்கு இடம் உண்டு.

மனைவி மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். மனைவியின் அக்காவுக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை என்று ஒரு செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது. அக்காவும் அவருடைய கணவரும் நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் வேறோர் ஊரில் இருக்கிறார்கள். மாடிக்காவலரின் மாமனாரும் அவர்களோடுதான் இருக்கிறார். டயர் கடை வைத்திருக்கும் அந்தச் சகலை, மனைவியோடு மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். எழுபத்தொன்பது வயது மாமனாரைப் பகலில் தனியே விட முடியாது. கைத்தடியோடு நன்றாகவே நடப்பார்; ஆனால் மாத்திரையை மறப்பார், குழாயை மூட மறப்பார். மாடிக்காவலரின் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

“நீ வந்துடேன் சகலை,” என்று டயர் கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். “உனக்கென்ன, வீட்லேர்ந்துதானே வேலை. எந்த வீடா இருந்தா என்ன?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒப்பந்தத்தில், வேலை செய்யும் முகவரியை மாற்றினால் இரண்டு வேலை நாள்களுக்கு முன்பே படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அறுவைச் சிகிச்சையோ மறுநாள் காலை. அவர் மேற்பார்வையாளருக்கு ஒரு செய்தி எழுதத் தொடங்கினார். அந்த அம்மாள் விடுப்பில் இருப்பதாகவும், திங்கட்கிழமைதான் திரும்புவார் என்றும் திரை அறிவித்தது. எழுதிய பாதியை அழித்தார். திங்களன்று சொல்லிக்கொள்ளலாம் என்று மடிக்கணினியைப் பையில் வைத்துப் புறப்பட்டார்.

புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் சகலையின் வீட்டுச் சாப்பாட்டு மேசையே அலுவலகம். மாமனார் முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். முன்வாசலில் நின்றுகொண்டு பின்வாசல் வரைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. அவருடைய கைப்பேசி முந்தின வாரம் தண்ணீர் வாளியில் விழுந்து ஆயுளை முடித்துக்கொண்டது. எனவே, வந்த மருமகனின் கைப்பேசி மாமனாரின் உடைமையாயிற்று. காலை பத்து மணிக்கு வாங்கிக்கொண்டு போனால், பழைய சக ஊழியர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து, இன்னும் உயிரோடிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். மாடிக்காவலர் கதவைச் சாத்திக்கொண்டு தம் வரிசையைப் பார்த்தார்.

வியாழக்கிழமை வரிசை நீளமாக இருந்தது. முற்பகல் பதினொன்றே முக்கால் மணியளவில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஒன்பது இலக்க எண் ஒன்று, வழக்கத்துக்கு மாறாகத் துறைமுக நகரத்திலிருந்து நுழைந்திருந்தது. அவர் பொத்தானை அழுத்தினார். எதிர்முனையில் ஆள் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் விட்டு மறுபடியும் அழுத்தினார். இன்னும் பேச்சு முடியவில்லை. மாமனாருக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் நெருங்கியது. துறைமுக நகரத்தில் நிறுவனத்தின் மிகப்பெரிய கிடங்கு இருக்கிறது. அங்கே போகாத ஊழியர் குறைவு. ‘துறைமுகக் கிடங்குக்குச் சென்றிருப்பவராகத் தெரிகிறது. ஆபத்தில்லை’ என்று எழுதி எச்சரிக்கையை மூடிவிட்டு எழுந்தார். மாத்திரையைக் கொடுத்தார். மாமனார் காதிலிருந்து கைப்பேசியை எடுக்காமலேயே விழுங்கினார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை மாடிக்காவலர் ஊருக்குத் திரும்பினார். பேருந்தில், மைத்துனியின் மருத்துவர் எண்ணைத் தேடி அழைப்புப் பட்டியலைப் புரட்டியபோதுதான், மாமனார் கவனிக்காமல் விட்டிருந்த இரண்டு தவறிய அழைப்புகளைப் பார்த்தார். இரண்டும் நிறுவனத்திலிருந்து வந்தவை. வியாழன், பதினொன்று நாற்பத்திரண்டு, பதினொன்று நாற்பத்தைந்து.

சொல்லாமல் ஊர் மாறியது தெரிந்துவிட்டது, யாரோ விசாரிக்க அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கான விளக்கத்தை மனத்துக்குள் கோத்துக்கொண்டிருந்தார். திங்களன்று ஏழு மணிக்கு முதல் வேலையாக, நிறுவனத்திலிருந்து தம்மை அழைத்தவர் யார் என்று தேடினார். அந்த நேரத்தில் வெளியே சென்ற அழைப்புகளின் பதிவு திரையில் விரிந்தது. அழைத்தவர் அவரேதான்.

சில நிமிடங்கள் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எழுந்துபோய் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துவந்தார். ஒப்பந்தக்காரர்களுக்கு ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் பணியாளர் எண் மாறும். முதல் ஒப்பந்தத்தின் எண்ணை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இரண்டாம் எண்ணைத் தெரிந்துகொள்ள அவசியமே ஏற்படவில்லை. அவர் உள்ளே நுழைவதற்கு அட்டையும் விரல்ரேகையும் போதும். காகிதத்தில் விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாகத் திரையோடு ஒப்பிட்டார். ஒன்பதும் பொருந்தின. துறைமுக நகரத்துக்கு அவர் தம் வாழ்நாளில் போனதில்லை. வழக்கமாக எங்கள் ஊர் வழியாகச் செல்லும் சகலை வீட்டு இணையம், வியாழன் முற்பகல் அறுந்து மீண்டபோது அந்த நகரத்தின் வழியாகச் சென்றிருக்கிறது, அவ்வளவுதான். கதவுக்கு அப்பால் மாமனார் உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்த அதே கைப்பேசியைத்தான் அவர் இரண்டு முறை அழைத்திருக்கிறார்.

தம்மைப் பற்றி எழுந்த எச்சரிக்கையைத் தாமே மூடியிருக்கிறார். அதை அறியாமல் செய்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பதிவைப் பார்க்கிற எவருக்கும் அது வேறு விதமாகத்தான் தெரியும்: அனுமதியின்றி இடம் மாறியவர், அகப்பட்டவுடன், கிடங்குக்குப் போனதாகப் பொய்யெழுதித் தடயத்தை மறைத்தார்.

அன்று பத்து மணிக்கு மேற்பார்வையாளர் எல்லோரையும் இணைப்பில் கூட்டினார். நிரந்தரப் பணியிடத்துக்கான பரிந்துரை வெள்ளிக்கிழமை போகும் என்றார். மாடிக்காவலர் ஒன்றும் சொல்லவில்லை. இடமாற்றத்தைப் பற்றிச் சொல்ல அதுதான் அவர் தீர்மானித்திருந்த நாள். ஆனால் அதைச் சொன்னால், எச்சரிக்கை வந்திருக்குமே, அது என்னவாயிற்று என்ற கேள்வி அடுத்து வரும். மாதந்தோறும், மூடப்பட்ட எச்சரிக்கைகளில் பத்துக்கு ஒன்றை எடுத்து மறுபார்வை செய்வார்கள். பத்தில் ஒன்பது பங்கு, அது யார் கண்ணிலும் படாமலே போய்விடும். கணக்கு அவருக்குச் சாதகமாகத்தான் இருந்தது.

மாலையில், மைத்துனியின் உடல்நிலையைச் சொல்ல அழைத்த சகலையிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். சகலை நெடுநேரம் சிரித்தார்.

“திருடனும் நீ, போலீசும் நீ. கேசை மூடியாச்சு. புகார் குடுக்கத்தான் ஆளில்லை, அதையும் நீயே குடுக்கப்போறியா?”

“சிரிக்கிற விஷயமில்லை சகலை.”

“நான் சிரிக்கலை. நீ எதையும் எடுத்துட்டுப் போகலை. எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து வேலைதான் பார்த்தே. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. ரெண்டு வருஷமா தற்காலிகம் தற்காலிகம்னு சொல்லிச் சொல்லி, உன்னைப் பார்த்தாலே எனக்கு வாடகை டயர் ஞாபகம் வருது.”

மனைவியிடம் சொன்னபோது அவர் மகளின் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும் வரை இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை.

“திரும்பவும் அந்த நாலு வருஷமா?” என்றார்.

“வரலாம்.”

மனைவி சட்டையைத் திருப்பிப் போட்டார். பிறகு, ஏதோ வேறு விஷயம் பேசுகிறவரைப்போல, தம் வேலையைப் பற்றிச் சொன்னார்.

“என் ரத்தத்தை நானே டெஸ்ட் பண்ணலாம். யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா ரிப்போர்ட்ல கையெழுத்து பக்கத்து சீட்டுக்காரிதான் போடணும். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கே நல்லாத் தெரிஞ்சாலும் சரி.”

“அதுக்காக உனக்கு வேலை போகாதே.”

“எனக்குப் போகாது. உங்களுக்குப் போகலாம். ரெண்டும் தெரிஞ்சுதான் பேசறேன். இதைச் செய்யுங்க, அதைச் செய்யுங்கன்னு நான் சொல்லலை.”

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு மாடிக்காவலர் மூடிய எச்சரிக்கையை மீண்டும் திறந்தார். அது வரிசையில் சிவப்பாக எழுந்து நின்றது. காரணம் எழுதும் கட்டத்தில் பதினான்கு வாக்கியங்கள் எழுதினார். படிவம் கொடுக்காமல் வேறு வீட்டிலிருந்து மூன்று நாள் வேலை செய்தது, வந்த எண் தம்முடையது என்று அறியாதது, இரு முறை அழைத்தும் பேச இயலாதது, ஒரு மணி நேரம் காத்திராமல் மூடியது ஆகிய அனைத்தையும் எழுதினார். மாமனாரின் கைப்பேசி வாளியில் விழுந்ததை எழுதி, பிறகு அது தேவையில்லை என்று அழித்துவிட்டார். மேற்பார்வையாளருக்கு அனுப்பினார். இருபது நிமிடத்தில் அந்த அம்மாளே அழைத்தார்.

“படிச்சேன் சார். உங்க எண்ணுன்னு தெரியாமத்தான் மூடினீங்க. அதை நம்பறேன்.”

“நன்றி மேடம்.”

“இருங்க. அது வேற யாரோட எண்ணாவது இருந்திருந்தா, நீங்க மூடினது சரியா?”

தாம் தமக்கே மூடிக்கொண்டது பற்றித்தான் அவர் இவ்வளவு நேரமும் கலங்கிக்கொண்டிருந்தார்.

“இல்லை மேடம். பேசாம மூடினேன்.”

“அப்ப இந்த மாதிரி வேற எத்தனை?”

தெரியாது என்றார். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை; பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி இணைப்பைத் துண்டித்தார். நான் தூங்கினால் எல்லோருக்கும் தெரியும், நீங்கள் தூங்கினால் யாருக்கும் தெரியாது என்ற வாயில் காவலாளியின் குரல் அப்போதுதான் மாடிக்காவலர் காதில் திரும்ப ஒலித்தது.

அவர் இரண்டாம் ஒப்பந்தத்தில் மூடியவை மூவாயிரத்துக்கு மேல். புதனும் வியாழனுமாக, தம் வழக்கமான வரிசையையும் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றையும் அழைப்புப் பதிவோடு ஒப்பிட்டார். தம்முடையதைத் தவிர, பேசாமல் மூடியவை ஒன்பது. அவ்வளவு குறைவாக இருந்ததில் அவருக்கு ஒரு கணம் நிம்மதி உண்டாயிற்று. அந்த நிம்மதியைப் பற்றி உடனே கூச்சமும் உண்டாயிற்று. ஒன்பதையும் திறந்தார். ஒன்பது சிவப்பு. ஒப்பந்தக் காலம் முழுவதிலும் அவருடைய வரிசையில் அத்தனை சிவப்பு ஒரே நேரத்தில் நின்றதில்லை.

மேற்பார்வையாளரும் இணைப்பில் இருக்க, ஒவ்வொருவராக அழைத்தார். லாரிகளுக்கு நேரம் குறிக்கும் எழுத்தர் ஒருவர், ஏழு மாதத்துக்கு முன்னால் தாம் எங்கே இருந்தோம் என்பதைத் தம் மனைவிகூடக் கேட்டதில்லை என்றார். கணக்குப் பிரிவுப் பெண்மணி ஒருவர் நாட்குறிப்பைப் பார்த்து, ஆமாம், தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தேன், ஏன் இப்போது கேட்கிறீர்கள் என்று அதட்டினார். இப்படியே எட்டுப் பேரும், அது தாங்கள்தான் என்று உறுதி செய்தனர். ஒன்பதாமவர் மரியாதையாகப் பேசினார்.

“நீங்க சொல்ற தேதியில நான் அந்த கம்பெனியிலேயே இல்லையே சார். வேலையை விட்டு நாலு மாசம் ஆச்சு. நீங்க ரெண்டு மாசத்துக்கு முந்தி நடந்ததைக் கேக்கறீங்க.”

வேலையை விட்டுப் போன மனிதரின் கணக்கு, பூட்டப்படாமல் கிடந்திருக்கிறது, அதன் வழியே யாரோ நுழைந்திருக்கிறார்கள், திரை எச்சரித்திருக்கிறது, மாடிக்காவலர் ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறார்.

மேற்பார்வையாளர் அந்தக் கணக்கைப் பூட்டச் செய்து, விசாரணைக்கு அனுப்பினார். அன்று பிற்பகலுக்குள் விடை கிடைத்துவிட்டது. வேலையை விட்டவருடைய இடத்துக்கு வந்த புதியவருக்குக் கணக்குத் திறந்து கொடுக்க யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன அவர், மேசைக் கண்ணாடியின் அடியில் பழையவர் ஒட்டிவைத்திருந்த கடவுச்சொல்லைக் கண்டு, அதைக்கொண்டே மூன்று மாதமாக வேலை பார்த்து வந்திருக்கிறார்; வேலையாக வேறோர் ஊர்க் கிடங்குக்குப் போன அன்றுதான் எச்சரிக்கை எழுந்திருக்கிறது. திருட்டு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் திருடன் வந்திருந்தாலும் இதே கதவு இதே போலத் திறந்துதான் இருந்திருக்கும் என்று மேற்பார்வையாளர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பரிந்துரை போயிற்று. பட்டியலில் இரண்டாவதாக இருந்தவருக்கு நிரந்தரப் பணியிடம் கிடைத்தது. மேற்பார்வையாளர் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“உங்களை நான் விடப்போறதில்லை சார். ஆனா நிரந்தரம்னு இப்ப எழுத முடியாது. ஆறு மாச ஒப்பந்தம். நீங்க மூடற ஒவ்வொண்ணையும் இன்னொருத்தர் பார்ப்பாங்க. சம்மதமா?”

“சம்மதம் மேடம்.”

“இன்னொண்ணு. பார்க்கிறவங்களோட சொந்த எண் அவங்க வரிசைக்கே வரக் கூடாதுன்னு ஒரு மாற்றம் கேட்டு எழுதியிருக்கேன். இத்தனை வருஷம் இது யாருக்கும் தோணலை.”

ஆறு மாதம் என்றதும் மனைவி கேட்ட முதற்கேள்வி, இந்த வீட்டிலேயேதானே என்பது. ஆம் என்றார். அவர் தலையசைத்துவிட்டு, மகளைப் படிக்க உட்காரச் சொன்னார். சகலையோ, இன்னோர் ஆறு மாதமா, வாடகை டயருக்கு மறுபடியும் ஒட்டுப் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடியும் அழைத்து, மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்றார்.

மூன்று வாரம் கழித்து, மைத்துனியின் உடல் தேறத் தாமதமாவதாகவும், மாமனாரைப் பார்த்துக்கொள்ள மீண்டும் ஒருமுறை வர முடியுமா என்றும் சகலை கேட்டார். எந்த வீடாக இருந்தால் என்ன என்று அவர் தொடங்கும்போதே மாடிக்காவலர் இடைமறித்து, படிவம், இரண்டு வேலை நாள், ஒப்புதல் ஆகியவற்றை வரிசையாகச் சொன்னார். ஒப்புதல் கிடைக்குமா என்பதும் இப்போதுள்ள நிலையில் உறுதியில்லை. முகவரி நகர முடியாதென்றால் மாமனார் நகரட்டும் என்று பேசி முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாமனார், ஒரு பையோடும் கைத்தடியோடும், சகலை அமர்த்திய வாடகைக் காரில் எங்கள் வாயிலில் வந்து இறங்கினார். வாயில் காவலாளி வழக்கம்போல் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, எந்த வீடு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மருமகன் வீடு என்றார் மாமனார். எந்த மருமகன் என்று காவலாளி கேட்டார். மாடியிலிருந்து யாரும் வந்து உறுதிப்படுத்தாமல் அவரை விடவில்லை. மாடிக்காவலர் படியிறங்கி வந்து, வந்திருப்பவர் தம் மாமனார்தான் என்று நோட்டில் கையெழுத்திட்டார்.

“முப்பத்திரண்டு வருஷம் நான் மத்தவங்ககிட்ட டிக்கெட் கேட்டேன் மாப்பிள்ளை,” என்றார் மாமனார், தெருக்கோடி வரை கேட்கும்படியாக. “உங்க வீட்டுக்கு வர்றதுக்கு என்கிட்டயே கேக்கறாங்க.”

“கேக்கணும் மாமா. அதுதான் அவர் வேலை.”

“கேக்கட்டும், கேக்கட்டும். எனக்கு எந்த வீடா இருந்தா என்ன. பேச ஒரு ஃபோன் இருந்தாப் போதும்.”

மாடிக்காவலர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார். பின்னறையில், மடிக்கணினித் திரையின் கீழ் விளிம்பில், புதிய ஒப்பந்தத்தின் ஒன்பது இலக்க எண்ணைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார். கூடத்து மேசையில் மாமனாருக்கென்று வாங்கிய கைப்பேசி, பெட்டி பிரிக்கப்பட்டு, முழுவதும் மின்னேற்றப்பட்டுத் தயாராக இருந்தது.